கொப்பரைக் களத்தில் ஓர் எட்டு

இரண்டாவதாக ஒரு வண்டி வாங்கலாமா என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் வண்டி இருக்கிறது. நூற்றுப்பத்து சிசி. காய்கறிக்கும் மருந்துக்கும் பேங்குக்கும் போய்வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஏறும்போதே எங்கே போகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. எங்கே என்று முடிவு செய்யாமல் ஏறி உட்கார எனக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. பர்கூர் மலை, திம்பம், வால்பாறை, எதுவானாலும் சரி. இதைச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஒரு வண்டி நிறுத்தியே கேட்டைத் தொறக்க முடியறதில்லை. ரெண்டாவத எங்கீங்க நிறுத்துவீங்க? சமையக்கட்டுலயா?"

"சமையக்கட்டுல நீ சிலிண்டர் ரெண்டு வெச்சிருக்கறயே அம்மணி."

"அது ஒண்ணு தீந்தா இன்னொண்ணுங்க. உங்களுக்கு இருக்கறதே இன்னும் தீரலை."

போத்தனூரில் எங்கள் வீட்டில் விவாதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். முடித்து வைப்பவள் அவள்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன். மைதானத்தில் வெயிலில் நின்றுகொண்டு, லைசென்சுக்கு வருகிறவர்களை எட்டுப் போடச் சொல்லி, காலை ஊன்றினால் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். ஆயிரக்கணக்கானவர்களை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அந்த எட்டுக்குப் பக்கத்திலேயே நின்று தலை நரைத்தேன். பிறர் ஊர் சுற்றுவதற்கு அனுமதி கொடுப்பதைப்போல ஊர் சுற்றாமலிருக்க வேறு நல்ல வழி கிடையாது.

புது வண்டி வாங்கலாம்தான். இப்போது வருகிற டூரிங் வண்டிகள் செல்போனோடு பேசுகின்றன, வழி சொல்கின்றன, எதையாவது மறந்தால் கத்துகின்றன. அதற்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறது. பழைய வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பழையது என்றால் அதற்கான தொல்லைகள் எனக்குத் தெரியும். பதினைந்து வருஷம் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எதையும் செய்யாமலிருக்கக் காரணம் தயாராக இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று.

எனக்குத் தெரிந்து நல்ல நிலைமையிலிருந்த பழைய டூரிங் வண்டி ஒன்றே ஒன்றுதான். அது என் நண்பருடையது, விற்பனைக்கும் இல்லை. அவரும் நானும் கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்து நான் அரசாங்கத்துக்குப் போனேன். அவர் காங்கேயம் திரும்பி, அப்பாவின் தேங்காய் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் ஒருமையில் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குத் தூரம் என்று அர்த்தமில்லை. நெருங்கியவர்களிடம்தான் இன்னும் அதிக மரியாதையோடு வம்பு பேசுவோம்.

அவருடைய வண்டி கறுப்பு. நீளமான சீட்டு, முகத்துக்கு நேரே காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. அதைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அதில் அவர் ஹம்பி போனார், கன்னியாகுமரி போனார், மில்லில் வேலை சரியாக நடக்காத நாட்களில் காரணமில்லாமல் எங்காவது போனார். பாலக்காடு போகும் வழியில் ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இறங்காமலே மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று போய்விடுவார்.

இரண்டு வருஷமாக அவருக்கு வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். வண்டி ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார். காருக்கு டிரைவர் போட்டுக்கொண்டார் நண்பர். மோட்டார் சைக்கிளைப் பற்றி டாக்டர் தனியாக ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை அவருடைய மனைவி எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்ணா, நல்லா இருக்கீங்களா? அக்கா நல்லா இருக்காங்களா?"

எல்லோரும் நல்லா இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"போன வாரம் ஊதியூர் ரோட்டுல ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்ணா. இவரு வண்டிய நிறுத்துனாரு. நின்னது ஆட்டைத் தாண்டிப் போயி. ஆடு தாவி விழுந்து பொழச்சுக்குச்சு. ஆட்டுக்காரரு ஊட்டுக்கே வந்து, மொதலாளி வேகமாக்கூட வரலீங்க அம்மணி, ஆனா பிரேக்கே புடிக்கலீங்கன்னு சொல்லிப்போட்டுப் போறாரு. அடுத்து குறுக்க வாரது ஆடாவே இருக்குமுங்களா?"

"வண்டியைக் குடுத்துப்போடச் சொல்லலீங்களா?"

"யாரு சொன்னாலும் கேக்கறதில்லீங்ணா. சிவன்மலை ஆண்டவரு யாரு கனவுலயாவது வந்து, இவரு வண்டிச் சாவியை வாங்கிப் பெட்டியில வையுன்னு சொன்னாத்தான் உண்டு."

சிவன்மலைக் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவருடைய கனவில் என்ன பொருள் வந்ததோ அதை அதில் வைத்திருப்பார்கள், அடுத்த ஆளுக்கு அடுத்த கனவு வரும்வரை. அந்த அம்மாள் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

"நீங்க வந்து கேட்டீங்கன்னா குடுத்துருவாருங்ணா. உங்களுக்கு இல்லைன்னு சொல்லமாட்டாரு. உங்களுக்கும் பழைய வண்டி ஒண்ணு வேணுமுன்னு அக்கா சொன்னாங்க."

என் மனைவி தன்னுடைய எதிர்ப்பை என்னிடமும் என்னுடைய ஆசையை ஊரிடமும் சொல்லியிருந்தாள்.

அந்த அம்மாள் போட்ட கணக்கு சரிதான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் வீடு தேடி வந்து, கை நனைத்துவிட்டு, இதை எனக்குக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டால் வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அதனாலேயே யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். சுற்றிவளைத்துப் பேசி, கொடுக்க மனமில்லை என்று தெரிந்தால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வருவார்கள். நேராகக் கேட்பது பறிப்பதற்குச் சமம். அந்த அம்மாள் என்னைப் பறிக்கச் சொன்னார்.

ஆட்டுக் கதையைக் கேட்டதும் என் மனைவி ஒரே நிமிஷத்தில் மாறிவிட்டாள். "போயி வாங்கிட்டு வாங்க. நிறுத்தறதுக்கு எடம் நான் ஒழிச்சுத் தாரேன்" என்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் வெகுநாளாக ஆசைப்பட்ட பொருள். அதை வாங்குவது இப்போது ஒரு நல்ல காரியமாகவும் ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றாக வந்து நின்றால், எதற்காகச் செய்கிறோம் என்பதை யாரிடமும் நிரூபிக்க முடியாது. நம்மிடமே முடியாது.

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். திரும்பும்போது வண்டியில் வரவேண்டியிருந்தால் தலைக்கு வேண்டுமே என்று ஹெல்மெட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். சட்டத்தை மதிக்கிறவன் திருடப் போனாலும் இப்படித்தான் போவான்.

நண்பர் மில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வலது கையை வேட்டி மடிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். என்னை விட்டுப் பையைத்தான் முதலில் பார்த்தார்.

"வாங்க வாங்க. பையில என்னங்க, தர்ப்பூசணியா?"

"சும்மாங்க."

"பஸ்ல வந்திருக்கீங்க. திரும்பிப் போறது எதுலீங்க?"

"பஸ்லதானுங்க."

"அப்படீங்களா" என்றார். முன்னால் நடந்தார்.

மில்லை ஒட்டியே வீடு. சாப்பிட்டோம். நண்பருடைய கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கியது. தம்ளரை எடுக்கும்போது அடங்கிவிடுகிறது. ஆனால் எடுக்க வேண்டும் என்று அவர் நினைப்பதற்கும் கை நகர்வதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. யாரோ உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவதைப்போல. அவர் மனைவி எனக்கு ரசம் ஊற்றும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். நான் கொப்பரை விலையைப் பற்றிப் பேசினேன். மழை பேசினேன். கனடாவிலிருக்கும் அவர்கள் பையனுக்கு அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். மோர் வந்தது. அதற்குள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் நண்பரே ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமுங்க. கேட்டுப்போட்டீங்கன்னா நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். அதனால இப்பக் கேக்காதீங்க."

"சரீங்க."

"மொதல்ல என்னை எட்டுப் போடச் சொல்லுங்க. ஊர்ல இருக்கற பொடியனுக்கெல்லாம் போடச் சொன்னீங்க. எனக்குச் சொல்லமாட்டீங்களா?"

"இப்ப நான் வெறும் ஆளுங்க. என்ர தீர்ப்பு செல்லாது."

"எனக்குச் செல்லுமுங்க."

மில்லுக்குப் பின்னால் பெரிய சிமெண்ட் களம். உடைத்த தேங்காய் ஒரு பாதியில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியைக் காலையில் வாரிக் காலி செய்திருந்தார்கள். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. ஓடவைத்துப் பார்க்க இதைவிடக் கடுமையான மைதானத்தை எந்த அலுவலகமும் கொடுத்திருக்காது. நான் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வைத்து இரண்டு வட்டமாக எட்டை அமைத்தேன். அளவு எனக்குக் காலடிக் கணக்கிலேயே தெரியும். வெயிலில் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டையில் சாய்ந்துகொண்டார்கள்.

"ஏனக்கா, மொதலாளிக்கு லைசென்சு இல்லியாக்கா இத்தன நாளா?"

"இருந்துதாட்ட இருக்குது. இந்தச் சாரு புடுங்க வந்திருக்காரு."

அவள் அதை எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

நண்பர் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். உதவிக்குப் போன என்னைக் கண்ணாலேயே நிறுத்தினார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஹேண்டிலைப் பிடித்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. எட்டுக்குள் நுழைந்தார். கனத்த வண்டி, குறுகிய வட்டம், அரை கிளட்சில், கால் கீழே படாமல், ஒரு கொட்டாங்குச்சியைக்கூடத் தொடாமல் சுற்றினார். இரண்டு தரம். திரும்பும்போது அவர் தலை வண்டிக்கு முன்னதாகத் திரும்பியது. அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. என் உத்தியோக காலம் முழுவதும் அப்படி ஒரு எட்டு என் முன்னால் வரவில்லை என்று சத்தியம் செய்வேன்.

"பாஸுங்களா சாரு?" என்றாள் ஒருத்தி.

விதிப்படி பாஸ்தான். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் பஸ்ஸில் திரும்பி, ஒருவரிடமும் எதையும் பறிக்காதவனாக வீடு சேர்ந்திருப்பேன். ஆனால் எட்டு என்பது வளைப்பதைப் பார்க்கிறது. நிற்பதை அது பார்ப்பதில்லை. ரோட்டில் எவரும் எட்டுப் போட்டுச் சாகவில்லை.

"நேரா ஒரு தடவை வாங்க. நான் கையைத் தூக்குன எடத்துல நிறுத்துங்க" என்றேன்.

அவர் களத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். வேகம் அதிகமில்லை. நான் ஓரமாக நின்றேன். அவர் எதிர்பாராத இடத்தில் கையைத் தூக்கினேன். அவர் பார்த்துவிட்டார். பார்த்தது எனக்குத் தெரிந்தது, கண்ணில் தெரிந்தது. வண்டி என்னைத் தாண்டிப் போய், இன்னொரு வண்டி நீளத்துக்கு அப்பால் நின்றது.

"எண்ணெய்ப் பிசுக்குங்க. இன்னொரு தடவை" என்றார்.

இரண்டாவது தடவை எதிர்பார்த்துக்கொண்டே வந்தார். விரல்களைப் பிரேக் மேலேயே வைத்திருந்தார். டயர் வழுக்கவில்லை. பிசுக்கின் மேல் தப்பில்லை. விரல் மடங்கத்தான் நேரமாயிற்று. அதே தூரம்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். பெண்கள் குனிந்து கொப்பரையைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கும் புரிந்திருந்தது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பெயில் என்ற சொல்லை எத்தனையோ பேருக்கு முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு, வேலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அழுதவர்களுக்கு. அன்று அந்தச் சொல் வரவில்லை. அவரும் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை.

"இப்பக் கேளுங்க" என்றார்.

"வண்டிய எனக்குக் குடுத்துருங்க."

"எடுத்துக்கங்க."

அவ்வளவுதான். அவர் மனைவி பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கச் சொன்னவர் அவர்தான். ஆனால் கணவரின் பதிலைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விலையை அவரே சொன்னார், நான் குறைக்கச் சொல்லவில்லை. நான் ஹெல்மெட்டைப் பையிலிருந்து எடுத்தபோது, "தர்ப்பூசணி பழுத்துருச்சாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். கேட் வரை கூடவே வந்தார்.

"இனி உங்க ஊட்டுக்கு நான் எதுல வாரதுங்க?"

"கார் இருக்குதுங்களே. இல்லீன்னா பஸ்ல வாங்க."

"பஸ்ல வந்தா விருந்தாளிங்க. உக்கார வெச்சு, பலகாரம் குடுத்து, எப்பக் கெளம்பறீங்கன்னு கேப்பீங்க. வண்டியில வந்தா அப்படி இல்லீங்க. போற வழியில எட்டிப் பாத்த ஆளு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கிளம்பினேன். பழகாத கனம் ஒவ்வொரு சிக்னலிலும் என் முட்டியைக் கேள்வி கேட்டது.

பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தன. ஒரு தடவை ஓட்டிவிட்டு வரலாம் என்று தோன்றிய ஒவ்வொரு காலையும் ஒரு காரணம் தயாராக இருந்தது. டயர் பழசு. பேட்டரி பார்க்க வேண்டும். மலையில் பனி. முட்டி வலி. உண்மை என்னவென்றால், அதன்மேல் ஏறி உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. என் மனைவி பூந்தொட்டிகளை மாடிக்கு ஏற்றி இடம் ஒழித்துக் கொடுத்திருந்தாள். வண்டி அங்கே நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

மாசிக் கடைசியில் நண்பர் வந்தார். பஸ்ஸில், தனியாக. இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் எண்ணெய் கேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி தேன்குழல் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் உடம்பு எப்படி, மாத்திரை எப்படி என்று விசாரித்து முடித்தோம். பிறகு பேச்சு இல்லை. இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் பேச்சு இல்லாமல் போனது அதுவே முதல் தடவை. மோரை உட்கார்ந்தே குடித்தார்.

கிளம்புகிறபோது வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். டேங்கின் மேல் படிந்திருந்த புழுதியை இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஓட்டறதில்லீங்களா?"

"முட்டி கொஞ்சம் வலிங்க. பேட்டரியும் மாத்தோணும்."

"நிக்க வெக்கறதுக்கா கேட்டீங்க?" குரலை உயர்த்தவில்லை. "நிக்கறதுக்குன்னா அது எங்க ஊட்டுலயே நின்னிருக்குமுங்க. நான் தெனமும் பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன்."

என் மனைவி உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், வீட்டில் இன்னொன்று அவளுடையதுதான். ரோஸ் நிறம், ஓரத்தில் பூப் போட்டது. நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காங்கேயத்துக்காரங்க யாராச்சும் பாத்தா?"

"அடையாளம் தெரியாதுங்ணா. போட்டுக்கங்க" என்றாள் அவள்.

போட்டுக்கொண்டார். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. வெள்ளலூர் வழியாகப் போனோம். அவருடைய வலது கை என் தோளில் இருந்தது. பிடித்துக்கொள்ள ஹேண்டில் இல்லாத கை, அதனால் வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்தது. நான் முன்னால் போகிற வண்டிகளைப் பார்த்து வெகு முன்னதாகவே பிரேக் பிடித்தேன்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வந்தது. ஓரம் கட்ட வேகத்தைக் குறைத்தேன்.

"நேராப் போங்க" என்றார் பின்னாலிருந்து.

திருச்சி ரோட்டில் பல்லடம்வரை போனோம். அங்கே அவரைக் காங்கேயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஹெல்மெட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.